பாலம்மா வாசலில் நின்ற தேர்

கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பாலம்மாவுக்கு வாயாடி என்று பெயர். கங்காணி முதல் கடைக்காரர் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இல்லை. மகன் அழகையாவிடம் மட்டும் அந்த வாய் பஞ்சாகிவிடும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. பேச்சு கிடையாது, யாரும் தொட்டால் பிடிக்காது. மலையிலிருந்து பீலிக் குழாயில் விழும் தண்ணீரை வாளியில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருப்பதுதான் அவனுக்கு உலகம். கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் அதை ஓட்டிசம் என்றார். லயத்து வீடுகளின் வரிசையில் சிலர் பேய் என்றார்கள். "பேயின்னா இவ்வளவு அழகாவா இருக்கும்?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தாள்.

அவளுக்கு ஒரே குறை, மாரியம்மன் தேர். தேர் வாசலுக்கு வாசல் நிற்கும். இழுத்து வருபவர்களின் காலில் வீட்டுக்காரர்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். முன்னால் வரும் தப்பு மேளத்தின் சத்தம் தூரத்தில் கேட்டாலே அழகையா காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுவான். பாலம்மா கதவைச் சாத்திவிட்டு, சுவருக்கும் அவன் தலைக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாத்திய வாசலில் தேர் நிற்காது. அம்மனுக்கே அவனைப் பிடிக்கவில்லை என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இந்த வருஷம் தப்படிக்கும் வீரையாவிடம் போனாள். "அண்ணே, எங்க லயத்துக்கிட்ட வர்றப்ப மட்டும் அடிக்காம வாங்க."

பக்கத்திலிருந்த கோயில் தலைவர் கறுப்பையா குறுக்கே விழுந்தார். "மேளமில்லாம சாமி வரலாமா? தோட்டத்துக்கு ஆகுமா?"

"மேளம் கேட்டுத்தான் சாமிக்கு வழி தெரியுமா?" என்றாள். அதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "எம்புள்ள ஒரு தடவ பாக்கட்டும் தலைவரே."

வீரையா குனிந்து தப்பின் தோலைத் தணலில் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

தேரன்று, எதற்கும் இருக்கட்டும் என்று மகனுடைய வாளியிலேயே மஞ்சள் கரைத்து வைத்தாள். மேளம் நெருங்கியது. அழகையா காதைப் பொத்தினான். அவள் கதவைச் சாத்த எழுந்தபோது சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால், வீரையா தப்பைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வருகிறார். பின்னால் தேர். தலைவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார், ஆனாலும் வந்தார்.

அழகையா மெல்ல காதிலிருந்து கையை எடுத்தான். பக்கத்து வாசலில் காலில் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். தேர் இழுத்தவர்கள், வீரையா, தலைவர் என்று ஒருவர் காலையும் விடாமல், அவன் வழக்கப்படி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

வாளியில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அர்ச்சனைத் தட்டோடு ஓரமாக நின்ற அம்மாவிடம் வந்து, குனிந்து, அதை அவள் காலில் ஊற்றினான்.

"நான் எங்கடா தேர் இழுத்தேன்?" என்றாள் பாலம்மா. அதற்கு மேல் அந்த வாயாடிக்குப் பேச்சு வரவில்லை.