சிஸ்டர்ஸ் காலேஜ் சவாரிகள்

‘டப்’பென்று ஒரு சத்தம். வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு ஆள் முகம் தெரிவதற்கு முன்னால் பின்கதவு சாத்துகிற சத்தம்தான் வந்து சேரும். மெதுவாகச் சாத்தினால் பிள்ளை நல்ல மார்க். ஓங்கிச் சாத்தினால் வழியெல்லாம் சண்டை. சாத்தாமலே உட்கார்ந்திருந்தால், நான் இறங்கிப் போய்ச் சாத்தவேண்டும் என்று எதிர்பார்க்கிற பெரிய வீடு.

வருஷம் முழுக்க நான் ராத்திரிக்காரன். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஷிப்டுப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவேன். பகலில் படுத்தால் தூக்கம் வராது. வந்தாலும் அது தூக்கமாக இருக்காது. பத்தாவதோடு நின்றவன். கம்பெனி கேட்டுக்கு வெளியே காத்துக் கிடந்த நேரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து, இங்கிலீஷ் பேப்பரையும் தட்டுத் தடுமாறிப் படிக்கிற அளவுக்குத் தேறினேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ஓனர் என்னைக் காலேஜ் சவாரிக்கு மாற்றிவிடுவார். காஞ்சிபுரத்தில் விடியலில் கிளம்பினால் ஆபீஸ் திறக்கும்போது சென்னையில் வாசலில் நிற்கலாம். சாமியார்கள் நடத்துவது ஃபாதர் காலேஜ். கன்னியாஸ்திரிகள் நடத்துவது சிஸ்டர்ஸ் காலேஜ். எந்த மதத்து வீடானாலும் பெண் பிள்ளைக்கு முதலில் கேட்பது சிஸ்டர்ஸ் காலேஜைத்தான்.

பிளஸ் டூ முடித்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு காலேஜ் காலேஜாக அலைகிற ஜனங்களே, நானும் உங்களில் ஒருவன். இந்த வருஷம் என் மகள் செசிலியாவும் அந்த வரிசையில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை அறிவியல் கண்காட்சிக்கென்று சென்னையில் ஒரு சிஸ்டர்ஸ் காலேஜுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்த லேபைப் பார்த்துவிட்டு வந்தவள்தான். அந்தக் காலேஜில் கெமிஸ்ட்ரி, அங்கேயே ஹாஸ்டல். வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. எனக்கும் உள்ளுக்குள் ஒரு தெம்பு இருந்தது. நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். நம்ம சிஸ்டர்ஸ்தானே?

சாவி

காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருப்பவர் ஒருவர். நெற்றி நிறைய நாமம். மனைவியையும் மகளையும் பின்னால் ஏற்றிவிட்டு முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பொன்னேரிக்கரை தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். இந்தக் கிறிஸ்தவங்க அந்தக் காலத்தில் பால் பவுடர் கொடுத்து ஆளை மாத்தினாங்க, இப்ப படிப்பைக் கொடுத்து மாத்தறாங்க, ஜாக்கிரதையா இருக்கணும். வண்டி ஓனருடையது, முன்னால் இருப்பதும் ஓனருடைய பிள்ளையார். அதைப் பார்த்து என்னையும் தன் ஆளாகவே எடுத்துக்கொண்டார். நானும் ‘ஆமாங்கய்யா’ போட்டுக்கொண்டே ஓட்டினேன்.

காலேஜ் வாசலில் மாதா சுரூபம். மனிதர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு கும்பிடு போட்டார். மகளையும் இழுத்துவந்து கும்பிட வைத்தார். சீட்டும் கிடைத்தது. திரும்பும்போது வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்: “மாத்திடுவாங்கன்னு சொன்னீங்களேய்யா?”

அவர் சிரிக்கவே இல்லை. “நம்ம குடும்பத்தையெல்லாம் எவனும் மாத்த முடியாதுபா. இங்க பொழுது சாஞ்சா ஹாஸ்டல் கேட்டப் பூட்டி சாவிய சிஸ்டரே வெச்சிக்கிறாங்களாம். எனக்கு அந்த சாவிதான் சாமி.”

பாயின் கேள்வி

இரும்புக்கடை பாய் நல்ல மனிதர். வழியில் டீ குடித்தால் எனக்கும் பிஸ்கட் வாங்கித் தராமல் குடிக்க மாட்டார். மகளுக்கு எந்தக் காலேஜ் என்று முடிவாகவில்லை. ஒரே நாளில் இரண்டு சிஸ்டர்ஸ் காலேஜும் ஒரு ஃபாதர் காலேஜும் பார்த்துவிடுவதென்று கிளம்பினார். யாரோ அவரிடம், ஒரு காலேஜில் தலைத்துணியைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று கொளுத்திப்போட்டிருந்தார்கள். அதனால் ஆபீசுக்குப் போவதற்கு முன்பு ஒவ்வொரு வாசலிலும் வாட்ச்மேனிடம் விசாரணை. துணி போட்டுக்கலாமா, வெள்ளிக்கிழமை தொழுகைக்கு விடுவாங்களா, சாப்பாடு தனியா கிடைக்குமா.

பாயின் மகள் நெளிந்துகொண்டு நின்றாள். “வாப்பா, மொதல்ல கட்ஆஃப் கேளுங்க வாப்பா” என்று காதைக் கடித்தாள். கடைசி காலேஜில் இருந்த வாட்ச்மேன் வயதானவர். எல்லாக் கேள்வியையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“இதெல்லாம் உள்ள போனவங்க கேக்குற கேள்வி பாய். நீங்க இன்னும் கேட்டுக்கு வெளியதான நின்னுக்கினு இருக்கீங்க.”

முன்பெஞ்சு

டவுன் கோயிலில், அதாவது சர்ச்சில், எங்களுக்கு எப்போதும் பின்பெஞ்சு. யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் எங்கள் காலனி ஆட்களுக்குக் கால் தானாக அங்கேதான் போகும். ரிசல்ட் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து முன்பெஞ்சில் ஒரு புதுக் குடும்பம் தெரிந்தது. பேங்க் மேனேஜர், அவர் மனைவி, ஒரு பெண். ஊருக்கு வந்து சில வருஷம் ஆகிவிட்டதாம். கோயில் எங்கே இருக்கிறது என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

காரணம் உங்களுக்குத் தெரியும். சிஸ்டர்ஸ் காலேஜில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கென்று தனியாக சீட்டு உண்டு. அதற்கு, பிள்ளை நம்ம கோயில்தான் என்று பங்குச்சாமியார் கடிதம் வேண்டும். கடிதம் வாங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்பெஞ்சு காலி. அவர்களையும் நான்தான் சென்னைக்கு ஓட்டிப்போனேன். உள்ளே போனார்கள், குளிர்பானம் குடித்து முடிக்கிற நேரத்தில் சீட்டோடு வந்தார்கள். அவர்கள் ஜாதிச் சான்றிதழிலேயே கிறிஸ்தவர் என்று இருந்தது. அதற்குமேல் கேள்வி இல்லை. இதைச் சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்க்கிற உபதேசியாரிடம் சொன்னபோது அவர் மெழுகுவர்த்திக் கட்டைகளைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

“மே மாசத்துல வர்ற கூட்டத்த வெச்சிப் பாத்தா கிறிஸ்துமஸயே மே மாசத்துல வெச்சிருக்கணும்.”

வீட்டுக்கு இரண்டு பெயர்

வாலாஜாபாத்தைத் தாண்டி, தென்னேரிக்குப் போகிற வழியில் எங்கள் காலனி. அங்கே எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு பெயர். கோயில் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று. என் மகள் ஞானஸ்நானத்தில் செசிலியா. ஸ்கூல் சர்டிபிகேட்டில் தமிழ்ச்செல்வி. எங்கள் ஜாதி ஆட்கள் ஹிந்துவாக இருந்தால் எஸ்.சி.; கிறிஸ்தவர் என்று எழுதிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும், வேறு பட்டியல். சாமி மாறினால் ஜாதி போய்விடும் என்பது சட்டத்தின் நம்பிக்கை. டீக்கடைக்காரனுக்கும் முன்பெஞ்சுக்காரனுக்கும் அந்த நம்பிக்கை இல்லை. அதனால் என் அப்பா காலத்திலிருந்தே பேப்பரில் ஹிந்து, முழங்காலில் கத்தோலிக்கர்.

கடிதம் கேட்டுப் பங்குச்சாமியாரிடம் போனேன். இளம் வயசு, நல்லவர். செசிலியா எங்கள் காலனிச் சின்னக் கோயிலின் பாட்டுக் குழுவில் இருப்பவள் என்பது அவருக்குத் தெரியும். “ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிற பெண், நல்ல கத்தோலிக்கக் குடும்பம்” என்று இங்கிலீஷில் அழகாக எழுதி முத்திரை குத்தினார். கொடுக்கும்போது மட்டும் கையை உடனே எடுக்கவில்லை.

“எழுதறது என் வேல. எங்க காட்டணும், எங்க காட்டக் கூடாதுன்னு பாக்கறது உங்க வேல.”

எனக்கு அது விளங்கவில்லை. அல்லது விளங்கவேண்டாம் என்று இருந்தேன்.

சிஸ்டர் பார்க்காதது

செசிலியாவுக்கு நல்ல மார்க். எஸ்.சி. பட்டியலில் பெயர் முதலிலேயே வந்துவிட்டது. சர்டிபிகேட் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். ஓனரிடம் சொல்லி அதே வண்டியில் போனோம். முதல் தடவையாக என் மகள் பின்சீட்டில். நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஜாதிச் சான்றிதழில் ‘ஹிந்து’. அதற்கு அடியிலேயே சாமியார் கடிதத்தையும் வைத்தேன். எஸ்.சி. பெண், அதோடு நம்ம பெண் என்றும் தெரிந்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்தேன். இந்த முட்டாள்தனம் வேறெந்த ஜாதிக்காரனுக்கும் தோன்றாது.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான சிஸ்டர். பேப்பரை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடிதம் வந்ததும் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். செசிலியாவின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய மாதா மெடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கிறிஸ்டியன் கோட்டால போடலாம்னா கம்யூனிட்டி சர்டிபிகேட்ல ஹிந்துன்னு இருக்கு. எஸ்.சி.ல போடலாம்னா இந்த லெட்டர் இருக்கு. ரெண்டு பக்கமும் கதவு சாத்திக்கிச்சே, என்ன பண்றது?”

“நாங்க நெஜமாவே கோயிலுக்குப் போறவங்க சிஸ்டர்.”

“தெரியுதுபா. அதான் பிரச்சன.”

கோபமே இல்லை அவருக்கு. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பேப்பர்களைச் சேர்த்துத் தட்டி, கடிதத்தை மேலே வைத்துத் திருப்பிக் கொடுத்தார். கதவு பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“இத நான் இன்னும் பாக்கல. நாளைக்கு வாங்க. நாளைக்கும் நான் பாக்கக் கூடாது.”

மரத்தடி ஆலோசனை

வெளியே வேப்பமரத்தடியில் டிரைவர்கள் கூட்டம். அதில் எங்கள் ஸ்டாண்டு முனுசாமியும் இருந்தான். தாமல் கிராமத்துக்காரன், எனக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். விஷயத்தைச் சொன்னேன். ஃபாதர் காலேஜில் போட்டுப் பார், இன்னொரு சிஸ்டர்ஸ் காலேஜ் தாம்பரம் பக்கம் இருக்கிறது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எந்தக் காலேஜுக்குப் போனாலும் கையில் இருப்பது இதே இரண்டு பேப்பர்தான் என்பது எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. செசிலியா வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

முனுசாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் முதுகில் ஒன்று வைத்தான்.

“எனக்கு ஒரே சாமி, என் பையன் எங்கியோ சேந்துட்டான். ஒனக்கு ரெண்டு சாமி இருந்தும் ஒரு சீட்டு வாங்க முடியல. இன்னா மச்சான் பொழப்பு இது?”

பித்தளைச் செம்பு

வீட்டுக்கு வந்து செசிலியா சாப்பிடவில்லை. நான் அவளிடம், வேண்டாம், அரசு காலேஜ் ஒன்று பார்க்கலாம், யாரிடமும் எதையும் மறைக்கவேண்டாம் என்று சொன்னேன். உண்மையில் எனக்கு அந்த சிஸ்டர்மேல் இருந்த வீம்புதான் அப்படிப் பேச வைத்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். “லேபு அங்கதானப்பா இருக்குது?” என்றாள். பிறகு சாமியார் கடிதத்தை மடித்துச் சுரூப மேடையில் மாதாவுக்குப் பின்னால் வைத்தாள். கழுத்திலிருந்த மெடலைக் கயிற்றோடு கழற்றினாள். கயிறு இறுகியிருந்தது, அவள் அம்மாதான் பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள்.

என் மனைவி ராணி அதிகம் பேசுகிறவள் இல்லை. மெடலைத் தண்ணீரில் கழுவி, துடைத்து, பித்தளைச் செம்புக்குள் போட்டு மூடினாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

“ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுக்கறதுக்குத் தாலியவே கழட்டச் சொன்னாங்க, கழட்டிக் குடுத்தேன். இதுக்கு மட்டும் என்னவாம்? போய் சேத்துட்டு வாங்க.”

கடைசிப் பெஞ்சு

சேர்ந்துவிட்டாள். சிஸ்டர் மறுநாள் எதையும் பார்க்கவில்லை. கழுத்தையும் பார்க்கவில்லை. “தமிழ்ச்செல்வி, நல்லா படிக்கணும்” என்று மட்டும் சொன்னார். அந்தக் காலேஜில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞான உபதேச வகுப்பு. மற்றப் பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் நீதி வகுப்பு. செசிலியாவுக்கு நீதி வகுப்பு. பொய் சொல்லக் கூடாது என்று அதில் சொல்லித் தருகிறார்களாம்.

காலேஜ் சீசன் முடிந்து நான் பழையபடி ஷிப்டு வண்டிக்குத் திரும்பிவிட்டேன். ஒரு சாயங்காலம், டூட்டிக்குக் கிளம்பும் முன் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன். லேப் நன்றாக இருக்கிறது, சாப்பாடு பரவாயில்லை, ரூமில் கூட இருக்கிற பெண் நல்லவள். யாரென்று விசாரித்தால், அந்த பேங்க் மேனேஜர் மகள். டவுன் கோயிலில் பின்பெஞ்சு பக்கம் அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அதனால் இவளை அடையாளம் தெரியவில்லை. ஹாஸ்டல் சேப்பலுக்குச் சும்மா வேடிக்கை பார்க்க வா என்று பாவம், ஆசையாகக் கூப்பிட்டிருக்கிறாள். இவளும் போயிருக்கிறாள்.

“போயி?” என்றேன்.

“கடைசி பெஞ்சுல ஒக்காந்தோம். அவ எனக்கு சிலுவ போடக் கத்துக் குடுத்தாப்பா. ஒடனே சரியா போட்டா சந்தேகம் வருமேன்னு மொதல்ல தப்பா போட்டேன்.”

எங்கள் ஜனங்களுக்கு எந்தக் கத்தோலிக்கக் காலேஜ் நல்லது என்று இனி யார் கேட்டாலும், கத்தோலிக்கராகப் போகாத வரைக்கும் எல்லாமே நல்ல காலேஜ்தான் என்று சொல்வதாக இருக்கிறேன்.

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, துணியை இன்னொரு தடவை நனைத்துப் பிழிந்து, கண்ணாடியின் மறுபாதியைத் துடைத்தேன்.