பெயர் சொல்லி வைத்த உயில்

போன வாரம் வேறு எதையோ தேடி அகராதியைப் புரட்டினேன். கண்ணில் பட்டது, 'நங்க்யுபேட்டிவ்'. சொல்லும்போதே மூச்சு வாங்குகிறதா? எழுத்தில் இல்லாமல், சாட்சிகள் முன்னால் வாயால் சொல்லும் உயிலுக்கு அந்த அடைமொழி. வேர், லத்தீன். 'பெயர்', 'எடு' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. போர்முனைச் சிப்பாய்க்குச் சட்டம் இதை அனுமதிக்கிறது. ஃபிட்டருக்கு?

அகராதியை மூடிவிட்டு 1998 டயரியை எடுத்தேன்.

கதிர்வேல் பிம்ப்ரி தொழிற்சாலையில் ஃபிட்டர். மராத்தி மண்ணில், ஏரவாடாவில் எங்கள் பக்கத்து வீடு. மனைவி இல்லை, ஒரே மகள் மல்லிகா. ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில், அவள் எதிரிலேயே என்னிடம் சொன்னார் — தனக்கு மல்லிகாதான் கொள்ளி வைக்க வேண்டும் என்று.

வெள்ளிக்கிழமை இறந்துபோனார். வேலூரிலிருந்து தம்பி சேகர் வரும்வரை காத்திருந்தோம்.

"பொம்பளப் புள்ள கொள்ளி வெக்கிறதா? அப்ப நான் எதுக்கு வந்தேன்?" என்றார் சேகர்.

"அப்பாதான் சொன்னாரு சித்தப்பா. அங்கிளும் இருந்தாரு."

"சொன்னாரு, சொன்னாரு... எழுத்துல இருக்கா?"

"அங்கிள் டயரில இருக்கும். மழை பேஞ்சாக்கூட எழுதுவாரு."

ஓடிப்போய் எடுத்து வந்தேன். செவ்வாய்: பஸ் நாற்பது நிமிடம் தாமதம். சாத்துக்குடி ஆறு. விட்டுவிட்டு மழை.

அவ்வளவுதான்.

காய்ச்சல் பேச்சு என்று விட்டுவிட்டேனா? அல்லது... எனக்கே அது பிடிக்கவில்லையா?

மல்லிகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதலை," என்றேன். "ஆனா கேட்டேன்."

"என்ன கேட்டீங்க? அப்படியே சொல்லுங்க, பாக்கலாம்," என்றார் சேகர்.

"'மல்லிகாதான் வெக்கணும் சார். பூனை வந்து குதிப்பான். நான் சொன்னேன்னு சொல்லுங்க.' இவ்வளவுதான். பூனை யாருன்னு எனக்குத் தெரியாது."

மல்லிகாவுக்கும் தெரியவில்லை. சேகர் என் பக்கம் திரும்பினார்.

"எங்கண்ணன் மட்டுந்தான் சார் என்னை அப்படிக் கூப்பிடுவான்... சின்ன வயசுல."

சுடுகாட்டில் கொள்ளிக்குடத்தைத் தூக்கி மல்லிகாவின் தோளில் வைத்தவர் அவர்தான். "கெட்டியாப் புடிச்சுக்கம்மா," என்றார்.

எழுதி வைத்தால்தான் நிற்கும் என்று நம்பி, வருடத்துக்கு ஒரு டயரி நிரப்புகிறவன் நான். கதிர்வேலின் வார்த்தையைத் தாங்கி நின்றது ஒரு பெயர்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இன்னமும் ஆறு சாத்துக்குடிதான் இருக்கிறது — பின்னால் எழுதிச் சேர்க்க எனக்கு உரிமையில்லை.