கடைசி ஆளின் கறுப்பு ஜெர்சி

இத்தாலியைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயத்தில் ஒரு காலத்தில் கடைசி ஆளுக்கும் பரிசு உண்டு, கறுப்பு ஜெர்சியும் உண்டு. கொத்தனார் ஒத்தோரினோ அதற்காகவே போனார். முந்துவதற்குக் கால் போதும், பிந்துவதற்குத்தான் மூளை வேண்டும் என்பார்.

1951-இல் பந்தயம் முடிய இரண்டு நாள் இருந்தது. கறுப்பு ஜெர்சி அவர் மேல்தான் இருந்தது. அதைப் பறிக்க, கடைசி இடத்துக்குப் போட்டியிட்ட ஃப்ளோரியானோ பின்னால் எங்கோ பதுங்கிவிட்டான் என்று தெரிந்ததும், இவரும் வழியிலிருந்த மாதா கோவிலுக்குள் சைக்கிளோடு நுழைந்து உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே சாவுப் பூசை. சவப்பெட்டியருகே ஒரு விதவையும் மூன்று கிழவர்களும் மட்டுமே இருந்தார்கள்.

பூசை முடிந்ததும் பாதிரியார் கறுப்பு உடையைப் பார்த்து நேரே அவரிடம் வந்தார். "சொந்தக்காரரா? நல்ல வேளை வந்தீங்க. தூக்க ஒரு ஆள் குறையுதேன்னு முழிச்சிட்டிருந்தோம்."

"இல்ல சாமி, நான் பந்தயத்துல..." என்று ஆரம்பித்தவர், விதவையின் முகத்தைப் பார்த்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார்.

கல்லறைத் தோட்டம் ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. சுமந்து இறக்கிவிட்டு எல்லைக்கோட்டுக்குப் போனபோது அன்றைய ஓட்டத்தை முடிக்க வேண்டிய கெடு நேரம் தாண்டியிருந்தது, பந்தயத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

"கடைசியா வர்றதுக்குக்கூடத் துப்பில்லையாடா உனக்கு?" என்று அணி மேலாளர் கத்தினார்.

"டயர் வெடிச்சிருச்சு" என்றார் ஒத்தோரினோ.

அடுத்த வருடம் அந்தப் பரிசையே எடுத்துவிட்டார்கள். ஜெர்சியை மட்டும் அவர் விடவில்லை. சுற்றுவட்டாரத்தில் நாதியற்ற சாவு எது விழுந்தாலும் அதை மாட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, முதல் ஆளாகப் போய் நின்றார்.