மூச்சை மெதுவாக விடுங்கள்

விழுப்புரத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். ஊக்கம், உணர்ச்சி, மன அழுத்தம், ஆளுமை என்று வருடா வருடம் அதே பாடங்கள்தான். வீடு ஒலக்கூர் பக்கம். வீட்டுக்காரர் விவசாயம் பார்க்கிறார். கல்யாணமான புதிதில், ஆளுமையை அளக்கும் கேள்வித்தாள் ஒன்றை அவரிடம் கொடுத்து நிரப்பச் சொன்னேன். பாவம், பரீட்சை மாதிரி உட்கார்ந்து எழுதினார். திருத்திப் பார்த்துவிட்டு, "நீங்க பதட்டப்படுற டைப்புங்க" என்று தீர்ப்பு சொன்னேன். அதன் பிறகு அவருக்குத் தலைவலி வந்தாலும் வயிற்றுவலி வந்தாலும் என்னிடம் அந்த ஒரு பதில்தான் இருந்தது.

போன வருடம் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கிக் களத்தில் காயப்போட்டிருந்தோம். காலையிலேயே வானம் மூடிக்கொண்டு நின்றது. நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நெஞ்சு ஒரு மாதிரி அழுத்திக்கினே இருக்குதும்மா. கை வேற மரத்துப் போவுது."

"மல்லாட்ட காயறப்ப மேகம் கட்டுனா உங்களுக்கு வேற எப்பிடி இருக்கும்? டென்ஷன்தாங்க. உக்காந்து மூச்ச நல்லா இழுத்து மெதுவா விடுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பஸ் பிடித்துவிட்டேன்.

அன்றைய பாடம் பயம். வியர்வை, படபடப்பு, நெஞ்சில் இறுக்கம், கை மரத்தல் என்று பலகையில் எழுதிப்போட்டேன். இரண்டாவது பெஞ்சில் ஒரு மாணவி எழுந்தாள்.

"ஹார்ட் அட்டாக்குக்கும் இதேதான சொல்லிக் குடுத்தாங்க மேடம்? பாத்ததும் இது பயம்தான்னு எப்பிடிச் சொல்றது?"

"ஈசிஜி எடுக்காம சொல்ல முடியாது" என்றேன். சொல்லி முடித்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பதற்றக்காரர் இரண்டாவது ரிங்கிலேயே எடுப்பவர். அன்று ரிங் போய்க்கொண்டே இருந்தது. கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். பயம் வந்தால் உடம்புக்கு ஓடவோ எதிர்க்கவோ பலம் வரும் என்று பாடம் நடத்துகிறவள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொன்றுவிட்டேனோ, நானே கொன்றுவிட்டேனோ என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. மூச்சை இழுத்து மெதுவாக விட்டும் பார்த்தேன். ஒரு எழவும் அடங்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால், விட்டுப்போன அதே நாற்காலியில் இருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. கண்ணை மூடி, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தார். போன் உள்ளறையில் கிடந்தது.

"எடுக்கக் கூடாதாங்க?"

"நீதான உக்காரச் சொன்ன."

பக்கத்து வீட்டுக் காரில் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஈசிஜியைப் பார்த்துவிட்டு, "காலையிலேயே ஏன் வரல?" என்று சத்தம் போட்டார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அவர் பதில் சொன்னார்.

"இவங்க டென்ஷன்னு சொன்னாங்க சார். இதத்தான் படிச்சிருக்காங்க."

அதில் குத்தலே இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பிழைத்துக்கொண்டார். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், களத்துக்கும் போகிறார். ஆனால் உடம்புக்கு ஏதாவது என்றால் இன்றைக்கும் முதலில் என்னிடம் வந்து நின்று, "இது இன்னான்னு பாரும்மா" என்கிறார். நான் என்ன சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவார். எனக்கு வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது.