பல்லிகளுக்கு ஒரு மாடிவீடு

என்னைவிடப் பெரிய விசரன் அந்த வருடங்களில் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது. சண்டைக்குத் தப்பி ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய எங்கள் ஆட்களில் சிலர் சொந்தக்காரரின் முகவரி கொண்டுவந்தார்கள். சிலர் சான்றிதழ்களைக் காற்சட்டைக்குள் தைத்துக் கொண்டுவந்தார்கள். நான் வாயை மட்டும் கொண்டுவந்தேன். அந்த வாய்தான் எனக்கு மூன்று கண்ணாடிப் பெட்டி நிறையப் பல்லி வாங்கித் தந்தது.

தேவாலய மண்டபத்தில் எங்களுக்கு டொச் மொழி படிப்பித்தவர் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை. மகளின் வீட்டுக்குக் குடிபெயரப் போவதாகவும், மருமகன் தன் பல்லிகளைச் சேர்க்கமாட்டேன் என்கிறார் என்றும் ஒரு நாள் வகுப்பில் சொல்லிக் கவலைப்பட்டார். "உங்கள் நாட்டில் பல்லி உண்டா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அதற்கு "ஓம்" என்றால் போதும். நானோ, எங்கள் வீட்டில் சுவருக்குச் சுவர் பல்லி வளர்க்கிறோம் என்றேன். அதில் 'வளர்க்கிறோம்' ஒன்றுதான் பொய். மனுசி எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை நாங்கள் இருந்த அகதி விடுதியான ஹைமின் வாசலில் அவருடைய கார் வந்து நின்றது.

ஒரு பெட்டியில் மஞ்சள் தோலில் கறுப்புப் புள்ளி போட்ட ஆண் பல்லி. இன்னொன்றில் அதே சாதியில் இரண்டு பெண்கள். இவை சுவரில் ஏறாத பல்லிகள், சிறுத்தைக் குட்டி மாதிரி மணலில் நடந்து திரிபவை. மூன்றாவது பெட்டியில் முழங்கை நீளத்துக்கு ஒரு அரணை. அது வாயைத் திறந்தால் பேனை மை குடித்தது போல் நீல நாக்கு.

என்னோடு அறையில் இருந்தவர் ஊரில் பஸ் கொண்டக்டராக வேலை செய்த ஒரு அண்ணை. இரட்டைக் கட்டிலில் அவர் கீழே, நான் மேலே. பெட்டிகளைக் கண்டதும் அவர் மேசைமேல் ஏறிவிட்டார்.

"டேய், உது அரணையெல்லே!"

"கடியாதாம் அண்ணை. ரீச்சர் சொன்னவ."

"கடிக்க வந்திட்டு, என்னத்துக்கு வந்தனெண்டு மறந்துபோறதுதான் அரணையின்ர குணம். எண்டைக்கோ ஒருநாள் அதுக்கு ஞாபகம் வந்தால்?"



பெட்டிகளை வைக்க இடம் இருக்கவில்லை. கட்டில், இரண்டு இரும்பு அலுமாரி, மேசை. மிச்சத் தரையில் ஒருவர் இடுப்புச் சாரம் மாற்ற வேண்டுமென்றால் மற்றவர் கட்டிலில் ஏற வேண்டும். திங்களன்று கட்டடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர் வந்து பார்த்தார். உயரமான மனிதர். சொற்களைச் சிக்கனமாகப் பாவிப்பவர். தரை வெறுமையாக இருக்க வேண்டும், தீப்பிடித்தால் ஓட வழி வேண்டும் என்றார். சுவரில் ஆணி கூடாது. தனியாக மின்விளக்கோ அடுப்போ கூடாது. வெள்ளிக்கிழமை வருவேன், அப்போதும் பெட்டிகள் வழியில் கிடந்தால் மூன்றும் டியர்ஹைமுக்குப் போகும்.

டியர்ஹைம் என்றால் போக்கிடமில்லாத மிருகங்களை வைத்திருக்கும் இடம். அங்கேயும் ஒரு ஹவுஸ்மைஸ்டர் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அந்த ஊர் எல்லையைத் தாண்டி ஹம் நகரத்துக்கு ரயிலேறிப் போய் ஒரு சிநேகிதனைப் பார்க்கவும் அனுமதி இல்லை. என்ன சாப்பிடுவது என்பதையும் வேறு யாரோ தீர்மானித்துப் பொதி கட்டிக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நன்றாக ஆட்டுவேன், அதில் எனக்கு ஊரிலேயே பயிற்சி. ஆனால் அந்தத் திங்கட்கிழமை என் கழுத்துக்கு என்ன வந்ததோ, ஆட மறுத்துவிட்டது. என்னை நம்பி ஒருவர் தந்த உயிர்களை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போக நான் கதவு திறந்துவிடுவதா? ஏலாது. தரையும் சுவரும் அரசாங்கத்தினுடையவை என்றால், நடுவில் இருக்கிற காற்று என்னுடையது. அந்தக் காற்றில் அடுக்குக் கட்டுவேன்.

இப்படி வீரம் பேசியவனிடம் ஒரு பலகைத் துண்டுகூட இல்லை.

நல்லகாலம், அடுத்த நாள் ஸ்பெர்முல். சனங்கள் பழைய தளபாடங்களைத் தெருவோரம் வைத்துவிடுகிற நாள். எங்கள் ஹைமில் பாதிக் கதிரைகள் அப்படி வந்தவைதான். அண்ணையைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். உடைந்த கட்டிலொன்றின் சட்டங்கள், மெத்தைக்குக் கீழே போடும் குறுக்குப் பட்டைகள், ஒரு மேசையின் இழுத்துத் திறக்கும் லாச்சிகளும் அவை ஓடும் தண்டவாளங்களும் கிடைத்தன. தலையில் சட்டத்தோடு வீதியில் நடக்கையில் அண்ணை சொன்னார்:

"ஊரில ஆரும் கண்டால் என்ர மானம் போகும்."

"ஊரில ஆரும் இப்ப வீதிக்கு வாறதில்லை அண்ணை."

அண்ணை தலையிலிருந்த சட்டத்தைத் தோளுக்கு இறக்கிக்கொண்டு நடந்தார்.

மரம் அறுக்கும் வாளுக்கு ஹவுஸ்மைஸ்டரிடமே போனேன். எங்கள் மேசைக்கால் ஆடுகிறது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தந்தார். அவருடைய கட்டளையை வெல்ல அவருடைய வாளாலேயே மரம் அறுத்ததில் எனக்கு இருந்த சந்தோசத்தை எழுதினால் வாசிப்பவர்கள் என்னைக் கெட்டவன் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

ஆணியும் துறப்பணமும் இல்லாதவன் எப்படி அடுக்குச் செய்வது? வேலி அடைக்கிற மாதிரித்தான். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அண்ணை. சைக்கிள் கம்பியொன்றை வளைத்துக் குத்தூசியாக்கி, உடுப்புக் காயவிடும் கயிற்றைக் கோத்து, "வாங்கு", "இழு", "இறுக்கு" என்று சத்தம் போட்டுச் சட்டத்தையும் பட்டையையும் கட்டினோம். பக்கத்து அறையில் இருந்த கானா நாட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, சண்டை இல்லை என்று தெரிந்ததும் ஏமாற்றத்தோடு போனார்.

எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் பிரச்சினை. அண்ணையிடம் பாரிஸிலிருந்து தபாலில் வந்த பஞ்சாங்கம் ஒன்று இருந்தது. பல்லி எந்தத் திசையிலிருந்து சொன்னால் என்ன பலன் என்று அதில் ஒரு பக்கம். அவருக்கோ அகதி விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது.

"தெற்குப் பக்கம் வைக்க விடமாட்டன்."

"இது எங்கட பல்லி இல்லை அண்ணை. பாகிஸ்தான் பக்கத்துச் சாதியாம். இதுக்குப் பஞ்சாங்கம் தெரியாது."

"எந்த நாட்டுப் பல்லியெண்டாலும் எமன் ஒருத்தன்தானே!"

ஆகவே கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில், வடக்குச் சுவரோரம் மூன்று தட்டு எழும்பியது. ஒரு விரல் இடம்கூட வீணாகாதபடி, பெட்டியின் உயரம் எவ்வளவோ தட்டின் இடைவெளியும் அவ்வளவே. பெட்டிகளைத் தள்ளி உள்ளே விட்டோம். அச்சில் வார்த்தது போல் இருந்தன. தள்ளி நின்று ரசித்தேன். சாப்பாடு போடப் போனபோதுதான் தெரிந்தது, மூன்று பெட்டிக்கும் மூடி மேலே.

அண்ணை கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கெட்டிக்காரன்ரா நீ! வீட்டுக்கு வாசலைக் கூரையில வைச்சிட்டு, கூரைக்கு மேல அடுத்த வீட்டைக் கட்டியிருக்கிறாய்!"

மேசை லாச்சித் தண்டவாளங்கள் அப்போதுதான் உதவின. தட்டுகளை அவற்றின் மேல் ஏற்றி, பெட்டியோடு தட்டு முன்னுக்கு வழுக்கி வரும்படி செய்தேன். இழு, மூடியைத் திற, புழுவைப் போடு, தள்ளு. புழுக்கள் ஆசிரியை தந்த தகர டப்பாவில் பெருகிக்கொண்டிருந்தன. பொதியில் வரும் ஓட்ஸைத்தான் அவை தின்றன. எங்களுக்கு எப்படிச் சாப்பிடுவதென்று தெரியாத அந்த ஓட்ஸைப் புழுவும், புழுவைப் பல்லியும் தின்றதில், அந்த அறையில் பொதிச் சாப்பாட்டைக் குறைசொல்லாத சீவன்கள் அவை மட்டுந்தான்.

ஆனால் புதன்கிழமை பல்லிகள் புழுவைத் திரும்பியும் பார்க்கவில்லை. அரணை கல்லாகிக் கிடந்தது. தொட்டேன், குளிர்ந்திருந்தது. வடக்குச் சுவருக்குப் பின்னால் வெறும் பனி. விளக்குப் போட அனுமதி இல்லை. அறையில் சூடு இருந்த ஒரே இடம் யன்னலுக்குக் கீழே இருந்த ரேடியேற்றர். யன்னல் இருந்ததோ தெற்கில்.

அண்ணையும் வந்து குனிந்து பார்த்தார். முதல் தடவையாக அவ்வளவு கிட்ட.

"செத்துப்போச்சோ?"

"இல்லை. இப்பிடியே விட்டால் செத்துப்போகும்."

அவர் பஞ்சாங்கத்தை எடுத்தார், வைத்தார். பிறகு கேட்டார்:

"வந்த நாள் தொட்டு இதுகள் ஒரு சத்தமாவது போட்டதோ?"

"இல்லை அண்ணை."

"வாயே திறக்காத பல்லி எந்தப் பக்கம் இருந்தால் என்ன. தூக்கு."

தெற்குக்கு மாற்றினோம். ரேடியேற்றரின் இரண்டு பக்கமும் கால்கள். பின்கால்களை மட்டும் குட்டையாக வெட்டி, சுவரோரம் ஓடும் வெப்பக் குழாயின்மேல் ஏற்றி நிறுத்தினேன். ரேடியேற்றர் ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருக்கிற இடத்துக்கு மேலேதானே எல்லாம் நிற்கிறது, தரையில் புதிதாக என்ன போயிற்று என்று வாதாடலாம். பலகைக்குப் பதிலாக இடைவெளி விட்டுக் கட்டிய பட்டைகள் என்பதால், கீழ்ச் சூடு தட்டுத் தட்டாக மேலே போனது. கூடுதல் சூடு விரும்பும் அரணை கீழே, பல்லிகள் மேலே. வியாழன் மத்தியானம் அரணை ஒரு துண்டு வாழைப்பழம் சாப்பிட்டது. நான் அன்று ஜெர்மனியின் பிரதம மந்திரி என்னைக் கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை ஹவுஸ்மைஸ்டர் வந்தார். தரையைப் பார்த்தார். சுவரை விரலால் தடவித் தடவி ஓட்டை தேடினார். கயிற்றுக் கட்டுகளை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. தன் வாள் அறுத்த வெட்டை அடையாளம் கண்டிருக்க வேண்டும், என்னை ஒரு முறை பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அடுக்குக்கு மேலாகக் கையை நீட்டி யன்னல் பிடியைத் திருகித் தன் பக்கம் இழுத்தார்.

யன்னல் உள்ளே வந்து அடுக்கில் இடித்து நின்றது.

ஊரில் யன்னல் வெளிப்பக்கம் திறக்கும். பிறந்ததிலிருந்து வெளியே தள்ளிப் பழகிய எங்களுக்கு, இங்கே அது அறைக்குள் வரும் என்று கனவிலும் தோன்றவில்லை. பனிக்காலத்தில் வந்தவர்கள், வந்த நாளே குளிருக்குப் பயந்து விளிம்பெல்லாம் பத்திரிகைத் தாள் செருகியவர்கள், ஒரு நாளாவது திறந்திருந்தால்தானே!

"லுஃப்டன்!" என்றார். காற்று விட வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். "இது இங்கே நிற்க முடியாது."

அப்போது நான் சொன்ன டொச்சில் ஒரு வசனமும் இலக்கணப்படி இருந்திருக்காது. தரை உங்களுடையது, தொடவில்லை. சுவர் உங்களுடையது, தொடவில்லை. விளக்குக் கேட்கவில்லை. காற்றும் வேண்டுமென்றால் தருகிறேன், ஆனால் இவை போகாது. கொண்டுபோவதானால் அதே வண்டியில் எனக்கும் ஒரு பெட்டி போடுங்கள். சொல்லி முடித்தேன். உடனே அடுக்கின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ அண்ணை!"

அண்ணை அரணையைப் பார்த்தார். ஹவுஸ்மைஸ்டரைப் பார்த்தார். ஏதோ ஒரு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேரும் தூக்கி முன்னுக்கு இழுத்தோம். பின்கால்கள் குழாயைவிட்டு இறங்கியதும் அடுக்குப் பின்பக்கம் சாயப் பார்த்தது. அண்ணை குனிந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் மூக்கும் அரணையின் மூக்கும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும். அது நீல நாக்கை நீட்டியது. அண்ணை கண்ணை மூடினார், கையை விடவில்லை.

நான் யன்னலை முழுக்கத் திறந்தேன். செருகியிருந்த தாள்கள் பறந்தன. பனிக்காற்று பாய்ந்து உள்ளே வந்தது. போர்வையை எடுத்துப் பெட்டிகள்மேல் போட்டேன்.

"ஒவ்வொரு நாளும் இப்படியா?" என்றார் ஹவுஸ்மைஸ்டர்.

"ஒவ்வொரு நாளும்."

அவர் கிட்ட வந்தார். போர்வையின் ஓரத்தை விலக்கி உள்ளே பார்த்தார், மறுபடி மூடினார். தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். டியர்ஹைம் என்ற சொல் வரவேயில்லை.

நான் நடு அறையில் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினேன். "அண்ணை, பாத்தியளோ! ஒரு அகதி, ஒரு கொண்டக்டர், நாலு ஊர்வன, எல்லாருமாச் சேர்ந்து ஒரு அரசாங்கத்தை வெண்டிட்டம்! இதை எங்கட பிள்ளையளுக்குப் பிள்ளையள்..."

அடுக்கைக் கட்டிப்பிடித்தபடி, பற்கள் கிடுகிடுக்க, அண்ணை சொன்னார்:

"முதல் யன்னலைப் பூட்டடா."