மைக்குக்கு அருகே ஒரு சத்தம்

காலை ஏழு இருபது. வாசலுக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, நீலத் தார்ப்பாயின் மேல் மிளகுக் கதிர்களை மிதித்துக்கொண்டிருந்த இரண்டு கால்கள். கதிரிலிருந்து பிரிந்த பச்சை மணிகள் ஓரத்துக்கு உருண்டுகொண்டிருந்தன. கால்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுடையவை. அவள் கணவன் சற்றுத் தள்ளி, கவிழ்த்த கூடையின் மேல் ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரை வைத்துத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். முந்தின நாளும் அதைத்தான் துடைத்தான்.

"ஏனுங்க சார், வந்துருச்சுங்களா?"

வந்துவிட்டது என்று அவனிடம் சொன்னேன். முந்தின நாள் மாலை செம்மேடு பஸ் ஸ்டாண்டில், சிக்னல் நன்றாக இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பதிவைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

எங்கள் மலையின் குண்டனி நாட்டில், இந்தச் சரிவில் கைபேசி எல்லா இடத்திலும் எடுக்காது. மேட்டுக் காட்டில் இருப்பவரைச் சாப்பிடக் கூப்பிடக் குரல்தான் உதவும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பள்ளத்தைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடும். அதனால் இந்தச் சரிவில் வீட்டுக்கு ஒரு கூவல் வைத்திருக்கிறார்கள். மிளகுக் கொடியில் கதிர் பறித்துக்கொண்டிருப்பவர்கள், எந்த வீட்டுக்காரி யாரைக் கூப்பிடுகிறாள் என்று தலையைத் திருப்பாமலே சொல்வார்கள். பக்கத்து வீட்டுக் கூவல் இரண்டு நீளமான ஒலி; பிறகு தாழ்ந்து போய், கடைசியில் கொக்கி போலச் சட்டென்று மேலே வளையும் மூன்றாவது ஒன்று. அவள் கொடுத்தால் மரவள்ளிக் காட்டுக்கு அப்பால் இருக்கும் கணவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவான்.

கல்யாணமான புதிதில் அவன் சிங்கப்பூருக்குச் சாரம் கட்டும் வேலைக்குப் போனான். அங்கே ஒரு திறந்தவெளி மைதானத்தில் நடந்த இசை நிகழ்ச்சிக்கு விளக்குக் கோபுரம் நிறுத்தியவர்களில் அவனும் ஒருவன். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும் என்பதால் வேலையாட்களை, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒலி மேசைக்குப் பக்கத்தில் ஒரு தடுப்புக்குள் நிற்க வைத்திருந்தார்கள். மேடையில் பாடியவர்கள் எழுபது வயதைத் தாண்டிய நான்கு வெள்ளைக்காரர்கள். இரண்டு பாட்டுக்கு நடுவே கிடார்க்காரர் தந்தியை முறுக்கிச் சரிசெய்ய, கூட்டம் அமைதியாக இருந்தபோது இவன் தன் வீட்டுக் கூவலைக் கொடுத்திருக்கிறான். ஏன் கொடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. மேஸ்திரி தோளில் ஒரு அடி போட்டார். கிடார்க்காரர் நிமிர்ந்து பார்த்து, அதே கூவலைக் கிடாரில் திருப்பி வாசித்தாராம்.

அன்றைக்கே மனைவிக்குப் போன் செய்து சொன்னான். அவள் கேட்டது ஒரே கேள்வி: "தண்ணி போட்டிருக்கறீங்களா?"

அவன் குடிக்கிறவன் இல்லை. ஊருக்குத் திரும்பி மூன்று வருடமாகியும் அந்தக் கேள்வி அவனை விடவில்லை. ஊர் நம்பாவிட்டால் போகிறது, அவள் நம்ப வேண்டும். அதற்காகத்தான் ஒருநாள் என்னிடம் வந்தான். வீட்டுக்குக் கூட்டிப்போய், பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்த, வேலையாட்களின் மணிக்கட்டில் கட்டிவிடும் தாள் பட்டையைக் காட்டினான். அதில் அச்சிட்டிருந்த பெயரை எனக்குத் தெரியும். நாளிதழில் வேலை பார்த்த காலத்தில் அந்தக் குழுவின் கேசட்டுகளைத் தேயும்வரை கேட்டிருக்கிறேன்.

அந்த நிகழ்ச்சி அதிகாரபூர்வமாக வெளிவரவில்லை. ஆனால் இத்தகைய குழுக்களைப் பின்தொடரும் ரசிகர்களில் சிலர் கூட்டத்துக்குள் நின்றே முழுவதையும் பதிவு செய்துகொள்வார்கள். விற்க மாட்டார்கள், கேட்பவருக்குக் கொடுப்பார்கள். ஒலி தெளிவாக இருக்கும் என்பதால் ஒலி மேசைக்குப் பக்கத்தில் நிற்பது அவர்கள் வழக்கம். இணையத்தில் அவர்களிடம் விசாரித்ததில், அந்த மாலையின் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருப்பதாகச் சொன்னார்கள். அதை வைத்திருந்த மனிதருக்கு எழுதினேன். இருப்பதிலேயே நல்ல பிரதியை அனுப்புங்கள் என்று கேட்டேன். அனுப்பினார்.

இப்போது அதை ஸ்பீக்கரில் போட்டேன். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று கதிர் பறித்துக்கொண்டிருந்த அவள் அண்ணன் மேலிருந்து குரல் கொடுத்தான்.

"மாப்ள, சிங்கப்பூரே உனக்குக் கை தட்டுனதக் காட்டப் போறயாக்கும்?"

"நீ கதிரப் பறி மச்சான். கொடிய இழுத்துராத."

"நாங் கொடிய இழுக்கல. நீதான் மூணு வருசமா கதைய இழுக்கற."

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது நீளமான பாட்டு. அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. தாளத்துக்கும் அவள் காலுக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டாவது பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும் அவன் கையைத் தூக்கினான்.

"இங்கதானுங்க."

தந்தி முறுக்கும் ஒலி கேட்டது. பிறகு சில விநாடிகள் எதுவும் இல்லை. மைதானத்தின் இரைச்சல்கூட இல்லாத சுத்தமான மௌனம். அதற்குப் பின் கிடார் தனியாக எதையோ வாசித்தது. கூட்டம் சிரித்தது. மூன்றாவது பாட்டு தொடங்கியது.

"நாங் கூப்புட்டதக் காணமே சார்."

மரத்திலிருந்து சிரிப்பு வந்தது. "சத்தம் கப்பல்ல வருதாட்ட இருக்குது மாப்ள."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தச் சேகரிப்பாளர்கள் பதிவைச் சுத்தம் செய்வார்கள். மைக்குக்கு அருகே யாராவது விசிலடித்தால், இருமினால், கத்தினால் அந்த இடத்தை அழித்துவிடுவார்கள். நல்ல பிரதி என்று நான் கேட்டது அதைத்தான். அவனிடம் விளக்கினேன்.

"அப்ப எஞ்சத்தம் குப்பைங்களா சார்?"

அழிக்காத பிரதியைக் கேட்டு எழுதுகிறேன் என்றேன். அவன் தலையாட்டிவிட்டு மறுபடி ஸ்பீக்கரைத் துடைக்கத் துண்டை எடுத்தான். கைபேசியை நிறுத்தத் திரும்பியபோது தார்ப்பாயைப் பார்த்தேன். கால்கள் நின்றிருந்தன.

"சார், அந்தக் கிடார இன்னொருக்கா போடுங்க."

போட்டேன். மௌனம், பிறகு கிடார். இரண்டு நீளம், தாழ்ந்து போய், கடைசியில் வளையும் ஒன்று. நான் தினமும் மதியம் கேட்பதுதான். கிடாரில் வந்ததால் முதல் தடவை எனக்குப் பிடிபடவில்லை.

"அது எங்கூட்டுச் சத்தம்," என்றாள்.

"கிடார்ல எந்தச் சத்தமும் வரும் கண்ணு," என்றான் அண்ணன் மேலிருந்து.

"வரும். அந்தக் கடேசி வளைவு வருமா? உனக்கே வராது. காதாரக் கேட்டவனுக்குத்தான் வரும்."

அண்ணன் அடுத்த கதிருக்குக் கையை எட்டினான்.

மூன்றாவது முறை போடச் சொன்னாள். தந்தி முறுக்கும் ஒலி முடிந்து அந்த மௌனம் வந்ததும், பாதிக் குரலில், மரவள்ளிக் காடு வரைக்கும் போகாத அளவில், கூவலைக் கொடுத்தாள். கிடார் பதில் சொன்னது. எங்கோ ஒரு மைதானத்தில் கூட்டம் சிரித்தது. அவன் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான், துண்டு கையில் அப்படியே இருந்தது.

"தண்ணி போடலதானாட்ட இருக்குது," என்றாள் என்னிடம். அவனிடம் சொல்லவில்லை.

"அதத்தான புள்ள நானும் சொன்னேன்."

"ஆமா, சொன்னீங்க. அங்க நின்னுக்கிட்டு எஞ்சத்தத்தக் குடுத்தா நான் எங்கிருந்து சோறு போடறது? வாங்க, இந்த மூலையில வந்து மிதிங்க. வெய்யில் வந்துரும்."

அவன் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, தார்ப்பாயில் ஏறினான். பாட்டை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். ஓடட்டும் என்றார்கள் இருவரும். மீதி நிகழ்ச்சி முழுவதும் ஓடியது. ஏணியை அடுத்த மரத்துக்கு மாற்றியபோது, கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொன்னான் அண்ணன்.

அழிக்காத பிரதி அடுத்த வாரம் வந்தது. அதைக் கேட்க இதுவரை யாரும் வரவில்லை.