உதியன்குளங்கரை மேடையில் பாதியில் நின்ற பேச்சு

எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்த நாட்களில் நான் பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். திருவனந்தபுரத்தில் பயிற்சிக்குப் படித்தபோது எங்களுக்குச் சமூகவியலும் ஒரு பாடம். பண்பாடு ஒரே வகை அல்ல என்று அதில் சொல்லித் தந்திருந்தார்கள். கையால் தொடக்கூடிய பொருள்களின் பண்பாடு உண்டு. நம்பிக்கை, மொழி, பழக்கம் என்று தொட முடியாததும் உண்டு. படித்தவர்கள் கொண்டாடுவது ஒன்று, சாதாரண ஜனங்கள் அன்றாடம் வாழ்வது இன்னொன்று. பெரிய பண்பாட்டுக்குள் சின்னச் சின்ன உட்பண்பாடுகளும் இருக்கும். அதைப் படித்தபோது, காரோடு ஊரிலிருந்த எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்களோ என்று தோன்றியது.

இதை அண்ணனிடம் ஒருமுறை சொல்லியிருந்தேன். அவர் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று அலைந்த கூட்டத்தில் ஒருவர். ஒரு நாள் சைக்கிளை நிறுத்தின கையோடு கூப்பிட்டார்.

"மக்கா, ஞாயிற்றுக்கிழமை உதியன்குளங்கரையில கூட்டம் உண்டு. நம்ம பண்பாடு தமிழ்ப் பண்பாடு ஆக்கும்னு நீ பேசணும். படிச்ச பொம்பிள பேசினா ஒரு கெத்து."

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். அம்மை காலையில் தமிழ் வேதாகமம் வாசிப்பதை எழுதினேன். கோபம் வந்தால் அவள் மலையாளத்தில் ஏசுவதையும், மலையாளப் பெண்களைப் போல முண்டு உடுத்துவதையும் எழுதினேன். சபையில் தமிழில் பாடிவிட்டு வாசலில் இறங்கியதும் பாதிப்பேர் மலையாளத்துக்கு மாறுவதையும் விடவில்லை. இதுவும் ஒரு உட்பண்பாடு, இதோடு சேர்த்துத்தான் நாங்கள் தமிழர்கள் என்று முடித்திருந்தேன்.

அண்ணன் வாசித்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். முண்டு போயிற்று. ஏச்சு போயிற்று. சபை வாசல் போயிற்று.

"இதொக்க எதுக்கு மக்கா?"

"நம்ம வீட்டில உள்ளதுதானே அண்ணா."

"உள்ளதொக்க மேடையில சொல்லாண்டாம். சேர சோழ பாண்டியன்னு எழுது."

பொறுக்க முடியாமல் தாளைப் பிடுங்கினேன். அப்போது அக்காவும் அத்தானும் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்திருந்தார்கள். அத்தான் அங்கே கோர்ட்டில் குமஸ்தா. வீட்டில் மலையாளம்தான் பேசுவார். அவர் என் கையிலிருந்து தாளை வாங்கி, அடித்த வரிகளை மட்டும் பார்த்துச் சிரித்தார்.

"இது நல்லா இருக்கு மோளே. இதெல்லாம் மலையாள சம்ஸ்காரம் அல்லே? எங்க மலையாளக் கூட்டத்தில் வந்து இதைச் சொல்லு."

ஒருவருக்கு என் வீட்டில் இந்தப் பாதி போதும், மற்றவருக்கு அந்தப் பாதி. முழுசாக யாருக்கும் வேண்டாம். இருவரிடமும் கத்தினேன். அன்று நான் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறினேன். அண்ணன் அடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அடிக்காததைப் போலவே பேசத் தொடங்கினேன். தமிழ் வேதம்வரை கைதட்டினார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பாஷையும் புழங்கும் என்று சொன்னதும் கூட்டத்தில் சலசலப்பு.

"எலே, இவ மலையாளத்தியா? ஆரு இவளைக் கொண்டுவந்தது?"

நான் விளக்கப் பார்த்தேன். உட்பண்பாடு என்ற சொல்லை மூன்று தடவை சொல்லியிருப்பேன். அண்ணன் எழுந்து வந்து மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"தங்கச்சிக்குத் தொண்டை சரியில்ல. மன்னிக்கணும்."

என் தொண்டைக்கு ஒன்றுமில்லை. எல்லார் முன்னாலும் ஆத்திரத்தோடு படியிறங்கினேன்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் தலைமையாசிரியர் தம் அறைக்கு அழைத்தார்.

"டீச்சரே, தமிழன்மாருடெ மேடையில் பிரசங்கிச்சு அல்லே? ராஷ்ட்ரீயம் இவிடெ வேண்டா."

நான் அரசியல் பேசவில்லை, அங்கே தமிழர்களிடம் ஏச்சு வாங்கியவள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. என்னிடமிருந்த பெரிய வகுப்பை எடுத்துவிட்டு, ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பினார். அங்கே நான் அடைந்த சலிப்பைச் சொல்லி முடியாது. தமிழர் கூட்டத்துக்கு நான் மலையாளத்தி, பள்ளிக்கு நான் தமிழச்சி.

பிறகு எல்லை பிரித்தார்கள். விளவங்கோடு அந்தப் பக்கம், தமிழோடு போயிற்று. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இந்தப் பக்கம், மலையாளத்தோடே நின்றன. அண்ணன் மனம் வெறுத்து எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளைக்குக் குடி மாறினார். பஸ் ஏறினால் சீக்கிரம் வந்துவிடலாம். ஆனாலும் எப்போதாவதுதான் வருவார். வந்தால் பத்திரிகையில் அச்சடித்தது போன்ற தமிழில் அம்மையிடம் நலம் விசாரிப்பார்.

"தாங்கள் உடல்நலம் பேணுகிறீர்களா அம்மா?"

"நீ எதுக்குலே எங்கிட்ட ரேடியோ மாதிரி பேசுத?" என்பாள் அம்மை.

அவர் முகம் சுருங்கும். எனக்குச் சிரிப்பு வராது. கோபம்தான் வரும். அவரோடு பேச ஆயிரம் இருந்தும், கடைசிவரை எங்களுக்குள் மழையையும் பஸ்ஸையும் பற்றிய பேச்சுத்தான் நடந்தது.